அந்த 35 செக்கனைக் கேளுங்கள்: சுகாதாரப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு அக்காவின் மடல்

கிழக்கு மாகாணத்தில் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும், கிளினிக்குகளில் எங்களைப் பார்க்கும் டொக்டர்மாருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை திருக்கடலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்கு 28 வயது, கடல் தொழிலுக்குப் போனவன். 2021 புரட்டாசியில் தொடங்கி அவனுக்கு இரவில் ஒன்று வருகிறது. அது ஒரு வகை வலிப்பு. அந்தப் பெயர் கிடைக்கவே எங்களுக்கு இரண்டே முக்கால் வருடம் பிடித்தது.

அது எப்படி வரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இதை முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு எந்த அறையிலும் நேரம் கிடைத்ததில்லை.

தம்பி முன் விறாந்தையில் பாயில் படுப்பான். நித்திரையாகி ஒன்றரை மணித்தியாலம் போயிருக்கும். திடீரென்று மூச்சை உள்ளே இழுத்து 'ம்க்' என்று ஒரு சத்தம். இடது கை விரல் ஐந்தும் விரிந்து விறைத்து நிற்கும். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. அப்புறம் இரண்டு காலும் சைக்கிள் மிதிப்பதுபோல அடிக்கத் தொடங்கும். சாரம் சுருண்டு தொடைக்கு வந்துவிடும். இடுப்பு பாயிலிருந்து எழும்பி எழும்பி விழும். 'பிடி, பிடி' என்று கத்துவான். முப்பது, முப்பத்தைந்து செக்கன் போகும். அப்படியே நின்றுவிடும். உடனே என்னைப் பார்த்து, "என்னக்கா?" என்பான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். அதே இரவில் மூன்று நான்கு தரம் வரும். விடிய எழும்பினால் அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது, உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கிறது என்று மட்டும் சொல்வான்.

பகல் பதினொரு மணிக்கு, கதிரையில் நேராக உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லும் ஒரு இளைஞனைக் காட்டி இதைச் சொன்னால், யாருக்கும் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்காக உங்களோடு நான் கோபிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே நம்பவில்லை. கடலில் எதையோ கண்டு பயந்துவிட்டான் என்றார் அம்மா. பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டினோம். கிண்ணியாவில் ஒரு மௌலவியிடம் ஓதிப் பார்த்தோம். ஊருக்குள் வேறு கதை ஓடியது: பொடியன் ஐஸ் போதை பாவிக்கிறான், இரவில் அதுதான் அவனை ஆட்டுகிறது என்று. சிகரெட்டைக்கூடத் தொடாதவன் அவன். வருத்தத்தைவிட அந்தக் கதைதான் அவனை உடைத்தது. சந்திக்குப் போவதை விட்டான். பின்னேரங்களில் வலையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

நாங்கள் போன முதல் இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது நான்கு நிமிடம் இருக்கும். நாக்கைக் கடித்தானா? இல்லை. சிறுநீர் போனதா? இல்லை. பிறகு நீண்ட நேரம் மயக்கமாகக் கிடந்தானா? இல்லை. அப்படியென்றால் வலிப்பு இல்லை. நான் கைவிரலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு ஈஈஜி எடுத்தார்கள், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை அது. தலைமுடிக்குள் பசை வைத்து வயர்களை ஒட்டினார்கள். கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் மின்னியது. பலமாக மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது, றிப்போட் நோர்மல். நான் வீட்டுக்கு வந்து அந்தப் பசையைத் தம்பியின் தலையிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவும்போது சந்தோஷத்தில் அழுதேன். நோர்மல் என்றால் வருத்தம் இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பிழை என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்றைக்குத் தெரியும். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் தரம் எடுக்கும் சாதாரண ஈஈஜி நோர்மலாக வரலாம். அந்தக் கருவி மண்டையோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, அந்த நேரத்தில் மூளையின் மேற்பரப்பில் நடப்பதை மட்டும் கேட்கிறது. மூளையின் ஆழத்தில், நித்திரையில் மட்டும் கிளம்பும் ஒன்றை, பகலில் முழித்திருப்பவனிடம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நண்பகலில் கரையில் நின்று பார்த்துவிட்டு, இரவில் கடலில் மீனே இல்லை என்று எங்கள் ஆட்கள் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்த 'நோர்மல்' என்ற சொல் கிளினிக் கொப்பியில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள். அடுத்த துண்டு மனநல கிளினிக்குக்குக் கிடைத்தது. போனோம், அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. ஆனால் அங்கே தந்த குளிசை அவனைப் பகல் முழுக்க நித்திரையில் போட்டது, இரவில் வருவது மட்டும் வந்துகொண்டே இருந்தது.

2022 சித்திரைக்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்க் குதங்கள் இருக்கும் எங்கள் ஊரிலேயே பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை. பாமசியில் பாதி மருந்து இல்லை. அந்த மாதங்களில் ஒரு விடியற்காலை, கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் மணலில் கண்ணயர்ந்த தம்பிக்குப் பெரிதாக வந்தது. உடம்பு முழுக்க விறைத்து வெட்டியது. நின்றவர்கள் பாசத்தோடுதான் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் நங்கூரத்து இரும்பை அழுத்தினார், இன்னொருவர் வாய்க்குள் கரண்டிக் காம்பைத் திணித்தார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது.

யாரோ 1990 க்கு அடித்தார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தபோது வெட்டு நின்றிருந்தது. வந்த பிள்ளை முழங்காலில் இருந்து அவனை ஒருபக்கமாகச் சரித்து, வாயைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து எங்களைக் கேட்டது: "யார் பார்த்தது? எப்படித் தொடங்கினது? எத்தனை நிமிஷம்?" இந்த மூன்று கேள்வியையும் அந்த ஒழுங்கில் எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மணலில் குந்தியிருந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். கைவிரலையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

நான் இந்த மடலை எழுதுவதே அந்த மூன்று கேள்விக்காகத்தான். சர்க்கரைக்கு ரத்தம் சொல்லும், எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே சொல்லும். வலிப்பில், அதுவும் பிடிபடாத வலிப்பில், முதல் சாட்சி பக்கத்தில் நின்று பார்த்த ஆள். வந்தவனுக்குத் தனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. நீங்களும் பார்க்கவில்லை. பார்த்த என்னை வாசலில் நிறுத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டால், அந்த அறைக்குள் சாட்சியே இல்லை. தயவுசெய்து எங்களையும் உள்ளே விடுங்கள். வலிப்பென்று சந்தேகப்படும் ஒருவரின் முதல் வருகைக்காவது இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கிளினிக்கில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த வாங்கிலில்தான் காலை ஆறு மணியிலிருந்து இருந்தேன். ஆனால் அன்றைக்கு மிச்சம் பிடித்த பதினாறு நிமிடத்துக்காக நாங்கள் உங்களிடம் எத்தனை தரம் திரும்பி வந்தோம் என்று கொப்பியைப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது மொழி. கொழும்புக்கு அனுப்பினார்கள். இரவு ரயிலில் ஏறினால் விடியமுன் கோட்டை. ரயிலில் அவனை நித்திரை கொள்ளவிடாமல் கல்லோயாச் சந்தி தாண்டியும் கதை சொல்லிக்கொண்டே வந்தேன், சனத்துக்கு முன்னால் வந்துவிடுமோ என்ற பயம். அங்கே பார்த்தவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான். பக்கத்தில் நின்ற ஒரு ஊழியரைக் கூப்பிட்டார்கள். நான் மூச்சு, விரல், கால், கத்துவது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார்: "வலிப்புவ."

சிங்களத்திலும் அந்த வருத்தத்துக்கு எங்கள் சொல்தான். அதனால் அது மொழி கடந்து சுகமாகப் போய்விடுகிறது. அதற்குள் இருந்த கதை அத்தனையும் வழியில் கொட்டுப்பட்டுவிடுகிறது. தமிழுக்குள்ளேயே இது லேசான காரியம் இல்லை. 'இழுப்பு' என்றால் ஒருவருக்குக் கை கால் இழுப்பது, இன்னொருவருக்கு மூச்சு முட்டு. 'மயக்கம்' என்று தலைச்சுற்றையும் சொல்கிறோம், நினைவு தப்புவதையும் சொல்கிறோம். தலைச்சுற்றா, நினைவு தப்பியதா என்பதே தெரியாவிட்டால், வலிப்பா, இதயம் சம்பந்தப்பட்ட மயக்கமா என்று பிரித்துப் பார்க்கவே தொடங்க முடியாது. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கும்போது, மொழிபெயர்ப்பு என்பது அந்த நேரம் கையில் கிடைத்தவரைக் கூப்பிடுவதாக இருக்கக் கூடாது. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வெளிமாகாணத்துக்கு அனுப்பும்போது, நாங்கள் தமிழில் சொன்னதை இங்கேயே ஒரு பக்கம் விவரமாக எழுதி, ஆங்கிலத்தில் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் கையில் தரும் துண்டில் 'வலிப்பு, ஈஈஜி நோர்மல்' என்று மட்டும் இருந்தால், இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்தும் நாங்கள் கொண்டுபோனது மூன்று சொல்தான்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது போன். ஒருநாள் இரவு, பயத்தை அடக்கிக்கொண்டு வீடியோ எடுத்தேன். முதல் வீடியோவில் கூரையும் என் காலும்தான் இருக்கிறது. போகப் போகப் பழகிவிட்டது. கதவடியில் பாய் போட்டு, தலையணைக்குக் கீழே போனை வைத்து, அந்த 'ம்க்' சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே படுப்பேன். இரண்டு வருடமாக நான் முழு நித்திரை கொண்டதில்லை. பகலில் மெசினுக்கு முன்னால் கண் சொருகி, கல்யாணச் சட்டை ஒன்றின் கையை மாறித் தைத்துவிட்டேன். இப்படி ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள், கொப்பி ஒருவருக்குத்தான் போடுகிறீர்கள்.

அந்த வீடியோக்களைப் பொறுமையாகப் பார்த்த ஒரு டொக்டர் 2024 இல் கிடைத்தார். மூன்றை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, கவனித்தீர்களா?" என்று கேட்டார். ஐந்து இரவு வார்ட்டில் வைத்து, கமெராவும் ஈஈஜியும் சேர்த்துப் பதிந்தார்கள். எட்டுத் தரம் வந்தது. எட்டையும் எனக்குக் காட்டினார்கள். ஒரே அளவுச் சட்டையை வைத்து வெட்டிய எட்டுத் துணி மாதிரி இருந்தது. விரல், கால், சொல், ஒழுங்கு எதிலும் மாற்றம் இல்லை. மூளையின் முன்மடலில் தொடங்கி நித்திரையில் வரும் வலிப்பு என்றார். இந்த வகையில் வலிப்பு வந்துகொண்டிருக்கும்போதுகூட ஈஈஜியில் தெளிவாக ஒன்றும் தெரியாமல் போகலாம், உடம்பு அசைவே கோடுகளை மூடிவிடும், கெட்ட கனவு என்றும் நடிப்பு என்றும் மனவருத்தம் என்றும் பலருக்குப் பெயர் வைக்கப்படுவது இதனால்தான் என்று விளங்கப்படுத்தினார். கார்பமாசெபின் என்ற குளிசை தொடங்கினார்கள். பழைய மருந்து, விலையும் அதிகம் இல்லை. இரவுக்கு நான்கு தரம் வந்தது இப்போது மாதத்துக்கு ஒன்று இரண்டு. பெயர் தெரிந்த அன்று தம்பி வார்ட் யன்னல் பக்கம் திரும்பி நின்று, "அப்ப எனக்கு விசர் இல்லை என்ன?" என்று கேட்டான். மூன்று வருடமாக அவன் மனதுக்குள் இருந்தது அந்தக் கேள்வி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் மூதூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளைக்குப் பதிந்து பார்த்ததில் முடிவு வேறு விதமாக வந்தது. விழுவதும் துடிப்பதும் உண்மை, ஆனால் மூளையில் வலிப்பின் மின்னோட்டம் இல்லை. இப்படி வருவது அபூர்வம் இல்லையாம். பெரிய வலிப்பு மையங்களில் வீடியோ ஈஈஜிக்கு வருபவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இப்படித்தான் என்கிறார்கள். அவர்கள் நடிக்கவில்லை. உடம்பு அவர்களுடைய கட்டுப்பாட்டில் இல்லை. அவர்களுக்குத் தேவை வேறு சிகிச்சை, பேச்சு வழியான சிகிச்சை. ஆனால் அந்தப் பிள்ளை நான்கு வருடமாக மூன்று வலிப்புக் குளிசை குடித்து வந்தது. அதில் ஒன்று வல்புரோயேற். கர்ப்ப காலத்தில் அதைக் குடித்தால் பத்துப் பிள்ளைகளில் ஒன்று அளவில் உடற்குறையோடு பிறக்கலாம், இன்னும் கூடுதலான பிள்ளைகளுக்கு வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தாய்க்கு இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

சரியான பெயர் எதற்கு, எப்படியும் வலிப்புக் குளிசைதானே என்று என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். என் தம்பியை எழுப்பி நிறுத்திய அதே கார்பமாசெபின், வெறித்துப் பார்த்து நிற்கும் வகை வலிப்புள்ள பிள்ளைக்குக் கொடுத்தால் கூட்டிவிடக்கூடும். பெயர் அதற்குத்தான். உலகம் முழுக்க ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றும், சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 70 பேருக்குள் வர எங்களுக்குத் தடையாக இருந்தது மருந்தின் விலை இல்லை. எங்களைக் கேட்காததுதான்.

இரவு முழுக்கப் பதிவு செய்யும் வசதியை எங்கள் மாகாணத்துக்குள்ளேயே எங்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அதற்குக் காசும் ஆளும் வேண்டும், நாளைக்கே நடக்காது என்று விளங்குகிறது. ஆனால் நித்திரையில் வருபவர்களுக்கு ஈஈஜியை நித்திரையில் எடுப்பதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. முதல்நாள் இரவு முழித்திருந்துவிட்டு வரச் சொன்னால், அந்த மேசையிலேயே தூங்குவார்கள்.

இன்னும் ஒன்று, இதை இந்த மாதமே செய்யலாம். வீடியோ எடுப்பது எப்படி என்று ஒரு துண்டு அச்சடித்து, தமிழிலும் சிங்களத்திலும் எல்லா ஓபிடியிலும் கொடுங்கள். முதலில் ஆளைக் காப்பாற்று: ஒருபக்கமாகச் சரி, தலைக்குக் கீழே மெத்தென்ற துணி வை, வாய்க்குள் எதையும் வைக்காதே, இரும்பு தேவையில்லை, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 1990. அப்புறம் வீடியோ: லைட்டைப் போடு, போர்வையை எடு, முகமும் உடம்பும் முழுக்கத் தெரிய எட்ட நின்று எடு. பெயரைச் சொல்லிக் கூப்பிடு, கையைத் தூக்கச் சொல், கேட்கிறதா பார். நின்ற பிறகும் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் எடு, எப்படித் தெளிகிறார் என்பதும் முக்கியம். இதையெல்லாம் நான் இரண்டு வருடம் பிழை விட்டுப் பழகினேன். நான் கொண்டுவந்த வீடியோவைப் பார்த்தால், "வீடியோ பார்க்கப்பட்டது" என்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த டொக்டர் 'நோர்மல்' என்ற சொல்லோடு அதையும் வாசிக்கட்டும்.

குளிசை தட்டுப்பாடு வரும் மாதங்களில் வலிப்புக் காரர்களுக்கு முதலில் ஒதுக்கி வையுங்கள். குளிசை திடீரென்று நின்றால், வலிப்பு அதுவரை வராத அளவுக்குத் தொடர்ந்து வரலாம்.

தம்பி இப்போது கடலுக்குப் போவதில்லை. கரையில் வலை பொத்துகிறான், ஆட்கள் தேடி வருகிறார்கள், கை அவ்வளவு சுத்தம். நேற்று இரவு ஒன்றும் வரவில்லை. அதற்கு முதல் நாளும் இல்லை. என்றாலும் நான் கதவடியில்தான் படுக்கிறேன்.

என் போனில் 14 வீடியோ இருக்கின்றன. உங்களில் யாராவது தாதிமாருக்கோ, புதிதாக வரும் டொக்டர்மாருக்கோ காட்டிப் படிப்பிக்க விரும்பினால், தம்பி சம்மதம் சொல்லியிருக்கிறான். எந்தக் கிளினிக் நாளென்றாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கொண்டு வருவேன். என் பெயரை இதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு அக்கா
திருக்கடலூர், திருகோணமலை